சொம்புத் தண்ணீர் சிந்தாத டயர்

சிங்காரவேலுவைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனாலும் எழுதுகிறேன். ஏனென்றால் பாகூரில் அவனைப் பற்றிப் பேசுகிற ஒவ்வொருத்தனும் தப்பாகவே பேசுகிறான். ‘யாரு சொன்னாலும் கேக்காத முரட்டு மனுஷன், அதான் பேரனத் தூக்கிக் குடுத்தான்’ என்று டீயை ஆற்றிக்கொண்டே சொல்லிவிட்டுப் போகிறார்கள். போன வாரம்கூட ஒருத்தன் என் கடை வாசலிலேயே நின்று சொன்னான். கையிலிருந்த ஸ்பேனரை அவன் மேல் வீசாமல் இருந்ததே பெரிய விஷயம்.

என் பெயர் ஆதிமூலம். தவளக்குப்பம் கூட்டுரோட்டில் இருபது வருஷத்துக்கும் மேலாக டயர் கடை வைத்திருக்கிறேன். கடலூர் ரோட்டில் வண்டி ஓட்டுகிற யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், ‘யாரு, அந்தச் சிடுமூஞ்சி ஆதிமூலமா?’ என்பார்கள். உண்மைதான். எனக்கு வாய் நீளம். பஸ் முதலாளியாக இருந்தாலும் சரி, போலீஸ்காரனாக இருந்தாலும் சரி, மொட்டை டயரோடு வந்து நின்றால் நாலு வார்த்தை வாங்கிக் கட்டிக்கொண்டுதான் போவான். அப்பேர்ப்பட்ட வாய் ஒரே ஒரு நாள், திறக்க வேண்டிய இடத்தில் திறக்காமல் இருந்துவிட்டது. அந்த ஒரு நாளுக்காகத்தான் இவ்வளவும் எழுத வேண்டியிருக்கிறது.

சிங்காரவேலுவும் நானும் பாகூர் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அவனுக்குப் படிப்பு ஏறவில்லை, எனக்கும் ஏறவில்லை. அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தான், நான் டயரைப் பிடித்தேன். கறுப்பு அம்பாசடர் ஒன்றைச் சொந்தமாக வாங்கி, கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்கு எதிரே இருந்த அரசமரத்தடியில் நிறுத்தி வாடகைக்கு ஓட்டினான். பாகூரில் அப்போது வாடகைக் கார் அது ஒன்றுதான். கல்யாணம், சீமந்தம், பாம்புக்கடி, கோர்ட்டுக் கேஸ் எல்லாவற்றுக்கும் அவன்தான் போவான்.

அவன் மனைவி, மகள் உமையாளுக்கு ஏழு வயதாகும்போது காய்ச்சலில் போய்விட்டாள். இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லி எல்லோரும் பிடுங்கினார்கள். அவன் காதில் வாங்கவில்லை. சவாரி இல்லாத நேரமெல்லாம் அந்தப் பெண் காரின் பின்சீட்டில்தான் இருக்கும். அங்கேயே உட்கார்ந்து பாடம் படிக்கும், அங்கேயே படுத்துத் தூங்கும். சவாரி வந்தால் எழுப்பி, பக்கத்து வீட்டிலிருந்த தன் அக்கா விருத்தாம்பாளிடம் விட்டுவிட்டுப் போவான். என் கடைக்கு வந்தால் பின்சீட்டு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “மாமா, இன்னிக்கி யாரத் திட்டின?” என்று கேட்கும். எனக்குப் பிள்ளை இல்லை. அந்தக் குரலைக் கேட்கவே நான் சில நாள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உமையாளைச் சுத்துக்கேணியில் கரும்புக் கொல்லை வைத்திருந்த சிவப்பிரகாசத்துக்குக் கட்டிக்கொடுத்தான். நல்ல பையன், அதிர்ந்து பேசமாட்டான். எல்லாப் பேச்சையும் அவன் அம்மா தையலம்மாளே பேசிவிடுவார். எழுபத்திநாலாம் வருஷம் உமையாள் முழுகாமல் இருந்தாள். சித்திரை மாதம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அங்கே வளையல் அடுக்கி, அன்றைக்கே பிறந்த வீட்டுக்கு அழைத்துவருவதென்று முடிவாயிற்று. சேதி வந்த அன்று சிங்காரவேலு நேராக என் கடையில் வந்து நின்றான்.

“ஆதிமூலம், நாலு சக்கரத்துக்கும் டயர் மாத்தணும்டா.”

“ஏன், இருக்கறது இன்னா ஆச்சு? இன்னும் ரெண்டு மாசம் ஓடும்.”

“எம் பொண்ணு வயித்துல புள்ளய வெச்சினு வராடா. அந்த ரோட்ட நீ பாத்தியா? சுத்துக்கேணியிலேருந்து வில்லியனூரு வர்றதுக்குள்ள குடலு வாய்க்கு வந்துடும். நல்லதா, மெத்துனு இருக்கறதா பாத்துப் போடணும்.”

என்னிடம் அப்போது மூன்று விதம் இருந்தது. பழைய டயர்மேல் புது ரப்பர் ஏற்றிய ரீட்ரெட் ஒன்று. அதைக் காட்டியதுமே, “இத உம் மாமியார் வண்டிக்குப் போடு” என்று காலால் தள்ளிவிட்டான். மற்ற இரண்டும் புதுசு. ஒன்று நைலான், இன்னொன்று காட்டன். நைலான் அப்போதுதான் எங்கள் பக்கம் பரவிக்கொண்டிருந்தது. முரட்டு டயர். வெயில் தாங்கும், கல் தாங்கும். ஆனால் விறைப்பு. காலையில் வண்டியை எடுத்தால் ஒரு மைலுக்கு டக்டக்கென்று உதைக்கும். காட்டன் இதமாகப் போகும், பள்ளத்தில் விழுந்தாலும் தூக்கிப் போடாது. ஆனால் சூட்டுக்கு ஆகாது.

“வெயில் காலம். நைலான் போடுடா” என்றேன்.

“போட்டுப் பாத்துட்டுச் சொல்றேன்” என்றான்.

போட்டுப் பார்ப்பது என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். வீட்டிலிருந்து ஒரு பித்தளைச் சொம்பு கொண்டுவந்தான், அவன் மனைவியோடு சீராக வந்தது. அதில் வாய்விளிம்பு வரைக்கும் தண்ணீர் ஊற்றினான். என்னைப் பின்சீட்டில், உமையாள் உட்காருகிற இடத்தில் உட்கார வைத்து, சொம்பை என் மடியில் கொடுத்தான்.

“இன்னாடா இது கூத்து?”

“வவுத்துல இருக்கற புள்ளனு நெனச்சிக்க. ஆட்டாம பிடி. எவ்ளோ சிந்துதுன்னு பாக்கணும்.”

நாற்பது வயது ஆள், ரோட்டில் எல்லோரும் பார்க்க, மடியில் சொம்போடு பிள்ளைத்தாச்சி மாதிரி உட்கார்ந்திருந்தேன். தவளக்குப்பத்திலிருந்து பாகூர் ஏரிக்கரை வரைக்கும் நைலானில் ஓட்டினான். திரும்பி வருவதற்குள் பாதிச் சொம்பு என் வேட்டியில் இருந்தது. கூட்டுரோட்டில் பூக்காரி சிரித்த சிரிப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது. நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் சொம்புக்குள் விரலை விட்டுத் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறதென்று பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் நாலையும் கழற்றிக் காட்டனை மாட்டினேன். மறுபடி சொம்பு, மறுபடி ஏரிக்கரை. இந்த முறை நாலு விரல் அளவு சிந்தியது. அவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஆனாலும் திருப்தி இல்லை. “இதுவும் சிந்துதேடா, ஆதிமூலம்” என்றான், நான் ஏதோ குறை வைத்துவிட்ட மாதிரி.

இங்கேதான் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். அவன் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

“பின்னாடி இருபத்தெட்டு பவுண்டு காத்து இருக்குது. ஒரு எட்டு பவுண்டு எறக்கி வுட்டா பஞ்சு மாதிரி போவும். எப்படியும் சித்திர வெயிலு, காத்து தானா விரிஞ்சிக்கும்.”

எங்கள் பக்கத்து வண்டிக்காரர்கள் எல்லோரும் சித்திரை பிறந்தால் காற்றைக் குறைத்துத்தான் வைப்பார்கள். வெயிலில் காற்று விரிந்து டியூப் வெடிக்கும் என்று பயம். நானும் அப்படித்தான் நம்பினேன். காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றுக்கும் நசுங்கி நசுங்கித் தானே சூடேறும், அதுதான் வெடிக்கும் என்று அந்தத் தடியனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தடியன் என்று என்னைத்தான் சொல்கிறேன். குந்தி உட்கார்ந்து, என் கையாலேயே வால்வை அழுத்தி, நாலு சக்கரத்திலும் காற்றை இறக்கினேன். மூன்றாவது தடவை சொம்போடு போய் வந்தோம். ஒரு சொட்டு சிந்தவில்லை. சிங்காரவேலு அந்தச் சொம்புத் தண்ணீரை அப்படியே தூக்கிக் குடித்துவிட்டு, என் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்தான். “இதாண்டா டயரு!” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை விருத்தாம்பாளையும் என்னையும் ஏற்றிக்கொண்டு சுத்துக்கேணிக்குப் போனான். உமையாள் இரண்டு கை நிறைய வளையலோடு உட்கார்ந்திருந்தாள். சாப்பாடு முடிந்தது. வெயில் தாழ்ந்து கிளம்பலாம் என்று சிவப்பிரகாசம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். தையலம்மாள் கேட்கவில்லை. “ஒன்றரைக்கு எமகண்டம் முடியுது. நாலரைக்கு ராகுகாலம் வந்துடும். அதுக்குள்ள அவ பொறந்த வூட்டு வாசப்படி மிதிச்சாவணும்” என்றார். சரியாக ஒன்றரை தாண்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, வண்டியைக் கிளப்பினோம். ரோட்டில் தார் இளகிப் பளபளத்தது.

பத்துக்கண்ணு தாண்டியதும் பின்சீட்டிலிருந்து உமையாள் சொன்னாள்: “அப்பா, நம்ம வண்டியா இது? தொட்டில்ல போற மாதிரி இருக்குதுப்பா.”

சிங்காரவேலு என் பக்கம் திரும்பிக் கண்ணடித்தான். அவன் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, அதற்குப் பின்னாலும் பார்க்கவில்லை.

வில்லியனூரைத் தாண்டிக் கரிக்கலாம்பாக்கம் போகிற ரோட்டில் பின்சக்கரம் வெடித்தது. வண்டி ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு போய், சாலையோர வாய்க்காலில் இறங்கி, பனங்கட்டையில் மோதி நின்றது. எனக்கு நெற்றியில் ஒரு கீறல். விருத்தாம்பாளுக்கு அதுவும் இல்லை. உமையாள் முன்சீட்டின் முதுகில் வயிறு மோதிக் கீழே கிடந்தாள். வளையலெல்லாம் நொறுங்கிக் கிடந்தது. சிங்காரவேலு அவளைக் கையில் ஏந்திக்கொண்டு அந்தத் தாரில் செருப்பில்லாமல் ஓடினான். எதிரே வந்த பஸ் நின்று, ஆட்களை அங்கேயே இறக்கிவிட்டு, நேராக டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. சாயங்காலம் பிறந்தது ஆண் குழந்தை. ஏழு மாசம். மறுநாள் உச்சி வரைக்கும் மூச்சு இருந்தது.

நான் அதற்கு முன்பே திரும்பிப் போய் வண்டியைப் பார்த்துவிட்டேன். டயரைப் பிரித்து உள்ளே கையை விட்டேன். பக்கச்சுவர் கறுகி, ரப்பர் தூள்தூளாக உதிர்ந்து கையில் வந்தது. ஆணி இல்லை, கல் இல்லை. என்ன நடந்ததென்று அப்போதே புரிந்துவிட்டது. அந்தத் தூளை வாய்க்கால் தண்ணீரில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன்.

குழந்தையைப் புதைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தோம். உமையாள் கட்டிலுக்குப் பக்கத்தில் தையலம்மாளும் அவர் தம்பியும் நின்றிருந்தார்கள். தம்பி பம்பாய்க்கு லாரி ஓட்டுகிறவர். வழியில் இறங்கி எங்கள் வண்டியைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

“மத்த மூணு சக்கரத்துலயும் காத்தே இல்ல. இந்த வெயில்ல காத்த எறக்கி வண்டி ஓட்டுவானா ஒருத்தன்? யாருய்யா எறக்கினது?” என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் சிங்காரவேலு முன்னால் வந்து நின்றான்.

“நான்தான். ஆதிமூலம் வேணாம்னுதான் சொன்னாரு. நான் கேக்கல.”

என்னை அவன் ‘சொன்னாரு’ என்று சொன்னது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான். தையலம்மாள் தலையில் அடித்துக்கொண்டு கத்தினார். அதெல்லாம் காதில் விழவில்லை. கட்டிலில் கிடந்த உமையாள் மெதுவாகத் தலையைத் திருப்பினாள்.

“மாமா வேணாம்னு சொல்லியுமாப்பா எறக்கின?”

“ஆமாம்மா.”

“டயர் கடைக்காரரு அவரு. அவரே சொல்லியும் கேக்கலியா நீ?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள், நான் ஏதாவது மாற்றிச் சொல்வேனா என்று பார்த்தாளோ என்னவோ. அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். ஊரையே திட்டுகிற வாய், கல்லை வைத்து அடைத்த மாதிரி நின்றது. பயம்தான். டயர் கடைக்காரன் காற்றை இறக்கிப் பிள்ளையைக் கொன்றான் என்று பேராகிவிட்டால், அப்புறம் என் கடையில் எவன் வண்டியை நிறுத்துவான் என்ற பயம். இதை வேறு விதமாகச் சொல்லி என்னை நானே ஏமாற்றிக்கொள்ள விரும்பவில்லை.

வெளியே வந்ததும் அவன் சட்டையைப் பிடித்தேன். “இன்னாத்துக்குடா அப்பிடிச் சொன்ன?”

“வுடுடா. உனக்குக் கடைய வுட்டா வேற இன்னா இருக்குது? எனக்கு இன்னா, எம் பொண்ணுதானே? நாலு நாளு கோவமா இருப்பா. அப்புறம் அப்பானு வந்துடுவா.”

அவள் வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராகச் சுத்துக்கேணிக்குப் போனாள். பாகூர் வாசற்படியை மிதிக்கவே இல்லை. அதற்குப் பிறகு அவளுக்குப் பிள்ளையும் இல்லை.

சிங்காரவேலு நைலான் டயர் போட்டுக்கொண்டான். காற்று அளக்கிற கேஜ் ஒன்றைச் சட்டைப்பையில் பேனா மாதிரி சொருகிக்கொண்டே திரிந்தான். தினமும் காலையில் நாலு சக்கரமும் அளந்துவிட்டுத்தான் சாவியைப் போடுவான். ஒவ்வொரு பொங்கலுக்கும் பச்சரிசி, வெல்லம், மஞ்சள்கொத்து, கரும்பு என்று பிறந்த வீட்டு வரிசையை ஏற்றிக்கொண்டு சுத்துக்கேணிக்குப் போவான்.

“கரும்பு வெளயற வூட்டுக்கே கரும்பு கொண்டு போறியேடா, பைத்தியக்காரா” என்பேன்.

“அவங்க கரும்பு வேற, அப்பன் வூட்டுக் கரும்பு வேறடா” என்பான்.

தையலம்மாள் வாசலிலேயே வரிசையை வாங்கிக்கொள்வார். மாப்பிள்ளை தண்ணீர் கொடுத்து, உட்காரச் சொல்வான். உள்கதவு ஒருக்களித்திருக்கும். கதவுக்குக் கீழே புடவை ஓரம் மட்டும் தெரியும் என்பான். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவான். “இந்த வருஷம் பச்சப் புடவைடா” என்று என்னிடம் சொல்வான். அதையும் சந்தோஷமாகச் சொல்வான், பாவி.

நான் சும்மா இருந்தேனா என்றால், இரண்டு முறை கிளம்பினேன். ஒரு தடவை வில்லியனூர் வரைக்கும் பஸ்ஸில் போய், தேர்முட்டியில் இறங்கி, சோடா குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். இன்னொரு தடவை சுத்துக்கேணியிலேயே இறங்கினேன். கரும்புக் கொல்லை வரப்பில் உமையாள் தலையில் சாப்பாட்டுக் கூடையோடு போவது தெரிந்தது. நான் புளியமரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அடுத்த பொங்கலுக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று பதினோரு பொங்கலைக் கடத்திவிட்டேன்.

எண்பத்தைந்து கார்த்திகையில் சிங்காரவேலுவுக்கு மஞ்சள் காமாலை கண்டது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம், ஆஸ்பத்திரியிலும் வைத்துப் பார்த்தோம். பிழைக்கமாட்டான் என்று தெரிந்ததும் சுத்துக்கேணிக்கு ஆள் அனுப்பினேன். உமையாள் கேட்ட நிமிஷமே கிளம்பிவிட்டாளாம். இரண்டு பஸ் மாறி வந்து சேரும்போது, அவனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தோம். அவள் அழவில்லை. அவன் கால்மாட்டில் உட்கார்ந்து, பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உமையாள் கொல்லைப்பக்கம் நிறுத்தியிருந்த காருக்குப் பக்கத்தில் தனியாக நின்றாள். நான் போய் எதிரில் நின்றேன்.

“அம்மாடி, காத்த எறக்கினது உங்கப்பன் இல்ல. நான்தான். எறக்கச் சொன்னதும் நான்தான். உங்கப்பன் என்னக் காப்பாத்தறதுக்குப் பொய் சொன்னான்.”

சொம்பில் தண்ணீர் ஊற்றியது, மூன்று தடவை மூன்று விதமாக ஓட்டிப் பார்த்தது, அவன் விரல் விட்டு அளந்தது, எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். செருப்பைக் கழற்றி அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருக்கலாம்.

“கடைசியா ஓட்டினப்ப எவ்ளோ சிந்துச்சு மாமா?” என்று கேட்டாள்.

“ஒரு சொட்டுகூட சிந்தலம்மா.”

அவள் காரின் பின்கதவைத் திறந்து, சின்ன வயதில் உட்காருகிற அதே மூலையில் ஏறி உட்கார்ந்தாள். முன்சீட்டின் முதுகைக் கையால் தடவினாள். அப்போதுதான் உடைந்து அழுதாள். பதினோரு வருஷத்து அழுகை. அப்பா, அப்பா என்று அந்தக் காலியான டிரைவர் சீட்டைப் பார்த்துக் கூப்பிட்டாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன்.

ரொம்ப நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். என் மேல் கோபம்கூட இல்லாத குரலில் சொன்னாள்:

“ஒவ்வொரு பொங்கலுக்கும் கதவு பின்னாலயேதான் நின்னேன் மாமா. நீ சொல்லியும் கேக்காத மனுஷனாச்சேன்னு நெனச்சி நெனச்சித்தான் காலு வெளிய வரல. போன பொங்கலுக்குச் சொல்லியிருந்தாக்கூட வந்திருப்பேனே மாமா.”